கடன் கொடுத்த அன்றே நட்டம்

அமெரிக்காவில் சப்பிரைம் கார் கடன், அதாவது கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டிய வரலாறு இல்லாதவர்களுக்கு அதிக வட்டியில் கார் கடன், கொடுக்கும் நிறுவனம் ஒன்றின் காலாண்டு அறிக்கைகளை எடுத்து, இரண்டு வரிகளை மட்டும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று, அந்த மூன்று மாதத்தில் புதிதாகக் கொடுத்த கடன். இன்னொன்று, நிகர லாபம். மற்றதெல்லாம் மாறாதிருந்தால், முதல் வரி ஏறும்போது இரண்டாவது இறங்கும். வியாபாரம் படுத்தால் லாபம் நிமிரும். புதுக் கடன் கொடுப்பதையே நிறுத்திவிட்டு வசூலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்த சில காலாண்டுகளுக்கு லாபம் ஜோராக இருக்கும். இதைப் பார்க்கிற எவருக்கும் கணக்கில் எங்கோ கோளாறு என்றுதான் தோன்றும். கோளாறு ஒன்றும் இல்லை, விதிப்படிதான் எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகும் உறுத்தல் போவதில்லை. 2016 ஜூனில் அமெரிக்கக் கணக்கியல் தர வாரியம் வெளியிட்டு, பெரிய நிறுவனங்களுக்கு 2020-லும் மற்றவர்களுக்கு 2023-லும் அமலுக்கு வந்த எதிர்பார்க்கும் கடன் இழப்பு விதிதான் இதற்குக் காரணம். தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக 'சீசல்' (CECL) என்பார்கள்.

விதி கேட்பது ஒன்றே ஒன்று: ஒரு கடன் ஏட்டில் ஏறியதும், அதன் ஆயுள் முழுவதும் எவ்வளவு திரும்பாமல் போகும் என்று மதிப்பிட்டு, அந்தத் தொகை முழுவதையும் அந்தக் காலாண்டிலேயே செலவாக எழுது. நல்ல கடனுக்கு இது பெரிய விஷயமே இல்லை. நூற்றுக்கு அரை டாலரோ ஒரு டாலரோ முன்கூட்டி எழுதுவதால் யாருக்கும் வயிறு எரியாது. கொடுக்கும்போதே நூற்றில் பதினைந்து திரும்பாது என்று தெரிந்து, அதற்கேற்ற வட்டியும் போட்டுக் கொடுக்கிற கடனில்தான் விதி முரண்டுபிடிக்கிறது.

நம்மூர் தண்டல்காரர் கையில் 8,500 கொடுத்துவிட்டு, நாளுக்கு 100 வீதம் நூறு நாளில் 10,000 வசூலிக்கிறார். பத்துப் பேரில் ஒருவர் ஊரைவிட்டு ஓடுவார் என்பது அவருக்கு முதல் நாளே தெரியும். அந்த 1,500-க்குள்தான் ஓடிப்போகிறவரின் கணக்கும் அடங்கியிருக்கிறது. பணம் கொடுத்த அன்று மாலை நோட்டில் 'இன்று நட்டம் இவ்வளவு' என்று எழுதச் சொன்னால் அவர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். சீசல் சொல்வது ஏறக்குறைய அதைத்தான்.

ஆயிரம் கடன், ஒரு காலாண்டு

எண்களை வைத்துப் பேசினால்தான் பிடிபடும். இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள், எந்த நிறுவனத்தினுடையவையும் அல்ல. ஒரு பழைய கார், 15,000 டாலர் கடன், ஆண்டு வட்டி 22 சதவீதம், 72 மாதத் தவணை. மாதம் 377 டாலர் கட்ட வேண்டும். முதல் தவணையில் 275 டாலர் வட்டிக்கே போகிறது, அசலில் கழிவது 102 தான். இரண்டு வருடம், அதாவது 24 தவணை ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டியவர் 9,000 டாலருக்கு மேல் கொடுத்திருப்பார். அசல் பாக்கி இன்னும் 11,960 டாலர் இருக்கும். கார் அதற்குள் அதைவிட வேகமாக மதிப்பிழந்திருக்கும். சப்பிரைம் கார் கடனில் இழப்பு ஏன் இவ்வளவு பெரிதாக வருகிறது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

இப்படி ஆயிரம் கடன், மொத்தம் 1.5 கோடி டாலர். ஆயிரத்தில் 300 பேர் வழியில் கட்டாமல் விட்டுவிடுவார்கள், சராசரியாக 24-ஆம் மாதத்தில், பாக்கி சுமார் 12,000 இருக்கும்போது என்று வைத்துக்கொள்வோம். வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்து ஏலத்தில் விட்டால் 5,800 வருகிறது. பிடிக்கிறவருக்குக் கூலி, இழுத்துவரும் செலவு, நிறுத்திவைக்கும் வாடகை, ஏலக் கமிஷன் எல்லாம் போக 4,800 மிஞ்சும். ஒரு கடனுக்கு 7,200 நட்டம். 300 கடனுக்கு 21.6 லட்சம் டாலர். கொடுத்த கடனில் 14.4 சதவீதம்.

பதிவு எளிது. கடன் சொத்தில் 1.5 கோடி பற்று, ரொக்கத்தில் 1.5 கோடி வரவு. அதே காலாண்டில், கடன் இழப்புச் செலவில் 21.6 லட்சம் பற்று, இழப்பு ஒதுக்கீட்டில் 21.6 லட்சம் வரவு. ஒதுக்கீடு என்பது கடன் சொத்தின் மதிப்பிலிருந்து கழித்துக் காட்டும் தொகை. காலாண்டின் முதல் நாளே ஆயிரம் கடனும் போய்விட்டது என்று கொண்டால், மூன்று மாத வட்டி வருமானம் 8.2 லட்சம். நிறுவனம் 1.2 கோடியை 8 சதவீத வட்டிக்கு வாங்கிக் கொடுத்திருந்தால் அதற்கு 2.4 லட்சம். ஆள், அலுவலகம், வசூல் செலவு 1.5 லட்சம். முடிவு: 17.3 லட்சம் நட்டம். அடுத்த காலாண்டில் ஒரு கடனும் கொடுக்கவில்லை என்றால், மதிப்பீடு மாறாத வரை, 4 லட்சம் போல லாபம். இன்னொரு ஆயிரம் கடன் கொடுத்தால் மறுபடியும் 13 லட்சம் நட்டம். வியாபாரத்தின் தரம் இரண்டு நிலையிலும் ஒன்றுதான்.

இருப்புநிலைக் குறிப்பில் இதன் தோற்றம் இன்னும் விசித்திரம். 1.5 கோடி ரொக்கம் கொடுத்து வாங்கிய சொத்து ஏட்டில் 1.284 கோடியாக நிற்கிறது. 22 சதவீத வட்டி போட்டதே 14.4 சதவீத இழப்பை எதிர்பார்த்துத்தான். அதாவது 1.5 கோடி என்ற விலையே இழப்பைக் கழித்துப் பார்த்த விலை. அன்று மாலை அதே கடன்களை இன்னொருவரிடம் விற்றாலும் 1.5 கோடியை ஒட்டித்தான் கிடைக்கும். விலைக்குள் ஏற்கெனவே ஒரு முறை கழித்ததை ஏட்டில் இரண்டாம் முறை கழிக்கிறோம். பிறகு வரும் ஆண்டுகளில், கைக்கு வராது என்று தெரிந்த வட்டியையும் சேர்த்து 22 சதவீத வருமானம் காட்டி அதை ஈடுகட்டுகிறோம். மொத்த ஆயுளில் கூட்டினால் லாபம் ஒன்றேதான். எந்தக் காலாண்டில் எது விழுகிறது என்பதில்தான் கோணல்.

ஒரே தகவல், இரண்டு ஒதுக்கீடு

அந்த 21.6 லட்சமும் கல்லில் பொறித்த எண் இல்லை. அசலில் எவ்வளவு போகும் என்று கூட்டிப்பார்க்கும் இழப்பு விகித முறையில் அது 21.6. விதி இன்னொரு முறையையும் அனுமதிக்கிறது: எதிர்பார்க்கும் பணவரவுகளைக் கடனின் சொந்த வட்டி விகிதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, ஏட்டு மதிப்போடு ஒப்பிடுவது. 24 மாதம் கழித்து வரும் 7,200 டாலர் நட்டத்தை 22 சதவீதத்தில் இன்றைக்கு இழுத்தால் 4,656 டாலர். 300 கடனுக்கு 14 லட்சம். அதே கடன், அதே வாடிக்கையாளர், அதே ஏல விலை. முறை மாறியதும் 7.6 லட்சம் டாலர் காணாமல் போகிறது. அது எங்கும் போய்விடவில்லை. மாதாமாதம் காலம் நகர நகர ஒதுக்கீடு தானாக வளரும். அந்த வளர்ச்சியைக் கடன் இழப்புச் செலவில் காட்டலாம், வட்டி வருமானத்தில் கழித்தும் காட்டலாம். இரண்டுக்கும் விதியில் இடம் உண்டு. வட்டி விகிதம் 5 சதவீதமாக இருந்தால் இந்த இரு முறைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில்லறைதான். 22 சதவீதத்தில் அது ஒதுக்கீட்டின் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு நிறுவனங்களின் ஒதுக்கீட்டுச் சதவீதத்தை ஒப்பிட்டு 'இவர்கள் ஜாக்கிரதையானவர்கள்' என்று எழுதுகிறவர்கள், முதலில் கொள்கைக் குறிப்பில் எந்த முறை என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் பார்ப்பதில்லை.

வட்டி விகிதத்தை நிர்ணயிப்பதிலும் வழுக்கல் உண்டு. கார் விற்ற டீலர் எழுதிய 15,000 டாலர் கடன் ஒப்பந்தத்தை அவரிடமிருந்து 14,200-க்கு வாங்கினால் அந்த 800 டாலர் தள்ளுபடியும் பயனுறு வட்டிக்குள், அதாவது கடனின் மெய்யான வட்டி விகிதத்துக்குள், வர வேண்டும். அதைத் தனியாக இழப்புக்கான பையில் போட்டுவைக்க முடியாது. தொண்ணூறுகளில் சிலர் அப்படிச் செய்துதான் வந்தார்கள். ஒதுக்கீட்டுக் கணக்கு தப்பினால் ஒழுங்குமுறை ஆணையம் சும்மா இருப்பதும் இல்லை. 2018 டிசம்பரில் கார் கடன் நிறுவனமான சான்டாண்டர் கன்ஸ்யூமர் யுஎஸ்ஏ மீது, ஒதுக்கீட்டைச் சரியாகக் கணக்கிட்டுக் காட்டவில்லை என்று பங்குப் பரிவர்த்தனை ஆணையம் நடவடிக்கை எடுத்து 15 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அதுவும் சீசலுக்கு முந்தைய, எளிதான விதிகளின் காலத்தில்.

2020 ஜனவரி 1

இந்த விஷயத்தில் என் அபிப்பிராயத்தை அசைத்தது கிரெடிட் அக்செப்டன்ஸ் நிறுவனத்தின் கணக்கு. மிச்சிகன் மாநிலத்தில் சவுத்ஃபீல்டிலிருந்து 1972 முதல் இயங்குகிறது. அவர்கள் தொழில் செய்யும் விதமே தனி. வாடிக்கையாளர் ஒப்பந்தப்படி 100 டாலர் கட்ட வேண்டும் என்றால், கைக்கு வருவது மூன்றில் இரண்டு பங்குதான் என்று முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள். டீலருக்கு முன்பணமாகக் கொடுப்பது பாதிக்கும் சற்றுக் குறைவு. நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் செலவும் லாபமும். வசூல் நன்றாக வந்தால் டீலருக்குப் பிற்பாடு ஒரு பங்கும் போகும்.

2019 டிசம்பர் 31 வரை இவர்கள் ஏட்டில் இருந்த கடன்கள், 'வாங்கும்போதே தரம் குறைந்திருந்த சொத்து' என்ற பிரிவின் கீழ் புது முறைக்கு மாறின. அந்தப் பிரிவில் எதிர்பார்க்கும் இழப்பைச் செலவில் எழுதத் தேவையில்லை. வாங்கிய விலையின் மேல் ஒதுக்கீட்டைக் கூட்டி, மொத்த மதிப்பையும் ஒதுக்கீட்டையும் ஒருசேர ஏற்றிவிட்டால் போதும். லாப நட்டக் கணக்கில் சலனம் இல்லை, வருமானமும் கைக்கு வரும் பணத்தை ஒட்டியே வரும். தண்டல்காரர் நோட்டுக்குக் கிட்டத்தட்ட நெருக்கமான முறை.

2020 ஜனவரி 1-க்குப் பின் வந்த கடன்களுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. காரணம் ஒரு நிபந்தனை. கடன் பிறந்த பிறகு அதன் தரம் குறிப்பிடத்தக்க அளவு கெட்டிருக்க வேண்டும். இவர்களிடம் வரும் கடனோ, டீலர் எழுதிய அடுத்த கணமே கைமாறுகிறது. பிறந்தபோதே அது அப்படித்தான் இருந்தது, பிறகு கெடுவதற்கு நேரமே இல்லை. ஆக, நல்ல கடனாகப் பிறந்து மூன்று வருடத்தில் நோஞ்சானானதை வாங்கினால் முதல் நாள் நட்டம் கிடையாது. பிறவியிலேயே நோஞ்சானான கடனை வாங்கினால் உண்டு. இரண்டிலும் வாங்குகிறவர் இழப்பைத் தெரிந்தே, விலையில் கழித்தே வாங்குகிறார். டிசம்பர் 31 இரவுக்கும் ஜனவரி 1 காலைக்கும் நடுவில் அதே டீலர், அதே வகை வாடிக்கையாளர், அதே வண்டி. ஏட்டில் மட்டும் இரண்டு சாதி.

அந்த ஆண்டு முதல் காலாண்டில் கிரெடிட் அக்செப்டன்ஸ் 8.38 கோடி டாலர் நட்டம் காட்டியது. கொரோனா வந்த மூன்று மாதம் வேறு. இதில் எவ்வளவு கொரோனாவால் வசூல் மதிப்பீடு குறைந்ததால் வந்தது, எவ்வளவு புது விதியால் வந்தது என்று தலைப்புச் செய்தியைப் படித்தவருக்குத் தெரியவே தெரியாது. அந்த நிறுவனம் கடன் இழப்புச் செலவை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கிறது: புதுக் கடன் வந்ததால் எழுதியது ஒன்று, பழைய கடன்களின் வசூல் மதிப்பீடு மாறியதால் எழுதியது இன்னொன்று. அந்தப் பிரிவினையைப் பார்த்த பிறகுதான் எனக்கு இருந்த உறுத்தல் எது என்று பிடிபட்டது. முதல் நாள் நட்டம் அவ்வளவு பெரிய பாவம் இல்லை. பாவம் எது என்றால், தெரிந்தே எடுத்த இழப்பையும் எதிர்பாராமல் வந்த இழப்பையும் ஒரே வரியில் கலப்பது. முதலாவது வளர்ச்சியின் விலை. இரண்டாவது, கடன் கொடுத்தவர் கணிப்பு தப்பியதற்கு அடையாளம். வாசகருக்கு வேண்டியது இரண்டாவது. முதலாவது பெரிய அலையாக வந்து அதை மூழ்கடித்துவிடுகிறது.

வாரியத்துக்கும் ஒரு நியாயம் உண்டு

விலையில் எல்லாம் அடங்கியிருக்கிறது என்று கடன் கொடுப்பவர் சொல்வதை வாரியம் ஏன் நம்பவில்லை என்று கேட்டால், நம்புவதற்கு இந்தத் தொழில் அவ்வளவு இடம் கொடுக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் சப்பிரைம் கார் கடனில் லாபம் முன்கூட்டி வந்தது. கடன்களைத் தொகுத்துப் பத்திரமாக்கி விற்றதும், வரும் ஆண்டுகளின் வட்டி வித்தியாசம் முழுவதையும், இழப்பு இவ்வளவுதான் வரும் என்று ஓர் ஊகத்தை வைத்துக் கழித்து, விற்ற அன்றே லாபமாக எழுதினார்கள். ஊகம் கொஞ்சம் தப்பினாலும் முந்தைய லாபங்கள் சரிந்தன. 1997 அந்தத் தொழிலுக்குப் போதாத ஆண்டு. இல்லினாய்ஸைச் சேர்ந்த மெர்க்குரி ஃபைனான்ஸ் தன் முந்தைய லாபங்கள் ஊதிக் காட்டப்பட்டவை என்று ஜனவரியில் ஒப்புக்கொண்டது. அங்கே நடந்தது ஊகத்தின் பிழையையும் தாண்டிய பொய்க் கணக்கு. அடுத்த மாதமே ஜேஹாக் அக்செப்டன்ஸ் திவால் மனு கொடுத்தது. பிறகு 2008 நிதி நெருக்கடி. 'இழப்பு நேர்ந்துவிட்டது, அநேகமாக உறுதி' என்று ஆன பிறகுதான் ஒதுக்கலாம் என்ற பழைய விதியால், வங்கிகள் ஒதுக்கத் தொடங்கியபோது வெள்ளம் கழுத்துக்கு வந்திருந்தது. இரண்டையும் பார்த்த வாரியம் ஊசலை மறுகோடிக்குத் தள்ளியது. அன்று லாபம் முந்திக்கொண்டு வந்தது, இன்று நட்டம் முந்திக்கொண்டு வருகிறது.

சர்வதேசக் கணக்கியல் தர வாரியம் நடுவழி ஒன்றைத் தேர்ந்தது. 2018-இல் அமலான அதன் விதி ஐஎஃப்ஆர்எஸ் 9-இல், தவணை ஒழுங்காக வரும் முதல் நிலைக் கடனுக்கு, அடுத்த 12 மாதத்துக்குள் கட்டாமல் விடக்கூடியவர்களால் ஏற்படும் இழப்பு மட்டும் போதும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பெரிய வாகனக் கடன் நிறுவனங்கள் 2018 ஏப்ரலிலிருந்து அதன் இந்திய வடிவமான இந்த் ஏஎஸ் 109-இன் கீழ் செய்வதும் இதுதான். பழைய லாரிக்குக் கடன் கொடுப்பவர்களுக்கு ஒழுங்கான கடன், ஆபத்து கூடிய கடன், வாராக்கடன் என்ற மூன்று நிலைகளும் மனப்பாடம். நம் ஆயிரம் கடனில் முதல் ஆண்டில் 90 பேர், சராசரியாக 14,200 பாக்கி இருக்கும்போது தவறுவார்கள் என்றால், 60 சதவீத இழப்பில் 7.7 லட்சம், இன்றைய மதிப்பில் 7 லட்சத்துக்குச் சற்றுக் கீழே. 21.6-ஓ 14-ஓ கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 30 நாள் பாக்கி விழுந்தால் இரண்டாம் நிலை, அங்கே ஆயுள் முழுவதற்குமான இழப்பு. சப்பிரைம் வாடிக்கையாளர் என்பவர் சம்பளம் தள்ளிப்போனால் 35 நாள் பாக்கி, வந்துவிட்டால் 5 நாள் பாக்கி என்று அந்தக் கோட்டை மாதத்துக்கு ஒரு முறை தாண்டித் தாண்டி வருகிறவர். ஒதுக்கீடு அவரோடு சேர்ந்து குதிக்கும். அந்தக் குதியலுக்கு அமெரிக்க முறையின் ஒரே அடி மேல் என்று சொல்கிறவர்களோடு என்னால் முழுக்கச் சண்டை போட முடியவில்லை.

மதிப்பீடு எங்கே உடைகிறது

முறை எதுவானாலும் உள்ளே போகும் தகவல் கெட்டிருந்தால் வெளியே வருவதும் கெட்டுத்தான் வரும். சப்பிரைமில் அதிகம் கெடுவது பாக்கி நாள் கணக்கு. ஒருவர் 75 நாள் பாக்கி. வசூல் பிரிவு போனில் பிடிக்கிறது. ஒரு தவணையை இன்று கட்டுங்கள், மற்ற இரண்டைக் கடன் முடியும் தேதிக்குத் தள்ளிவைக்கிறோம் என்கிறது. அவர் கட்டுகிறார். கணினியில் பாக்கி நாள் பூஜ்யம். ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு எத்தனை பேர் சரிகிறார்கள் என்று பார்த்து இழப்பைக் கணிக்கும் கணக்கு மாதிரிக்கு இவர் இப்போது நல்ல பிள்ளை. உண்மையில் இவர் மறுபடி தவறும் வாய்ப்பு, ஒருபோதும் தவறாதவருடையதைவிடப் பல மடங்கு. தள்ளிவைப்பு வாங்கியவர்களைத் தனிக் கூட்டமாகப் பிரித்து, அவர்களுக்குத் தனி விகிதம் கட்டாத கணக்கு மாதிரி வேலைக்காகாது. தணிக்கைக்குப் போகிறவர் ஒரே ஒரு அறிக்கை கேட்டால் போதும்: தள்ளிவைப்புகள் மாதத்தின் எந்தத் தேதிகளில் விழுகின்றன? கடைசி நான்கைந்து நாளில் குவிந்திருந்தால், அது வாடிக்கையாளர் கஷ்டத்தைப் பார்த்துக் கொடுத்ததா, மாத முடிவு எண்ணைப் பார்த்துக் கொடுத்ததா என்று கேட்க வேண்டியதுதான். மாற்றியமைத்த கடன்களுக்கான பழைய தனிக் கணக்கு முறையை வாரியம் 2022-இல் எடுத்துவிட்டது. சிரமத்தில் இருப்பவர்களுக்குக் கொடுத்த மாற்றங்களை வெளியிடு என்பது அதற்குப் பதில். தவணைத் தாமதம் அற்பமானது என்று கருதினால் வெளியிட வேண்டியதில்லை. அந்த இடுக்கில் நிறைய நழுவும்.

அடுத்தது, ஏல விலையும் வேலையின்மையும். 2020 ஏப்ரலில் அமெரிக்க வேலையின்மை 14 சதவீதத்தைத் தாண்டியது. அதோடு இழப்பைக் கட்டிவைத்திருந்த மாதிரிகள் எல்லாம் ஒதுக்கீட்டை வானத்துக்கு ஏற்றின. நடந்ததோ வேறு. அரசு காசோலை அனுப்பியது, தவணைகள் தள்ளிப்போயின, பழைய கார் விலை ஏறியது, பிடித்த வண்டி நல்ல விலைக்குப் போனது. ஒதுக்கியதைத் திரும்ப எடுத்து 2021-இல் லாபமாகக் காட்டினார்கள். அந்த ஆண்டின் அருமையான வசூல் மாதிரிகளுக்குள் பாடமாக ஏறியது. 2022 தொடக்கத்தில் மான்ஹைம் பழைய கார் விலைக் குறியீடு உச்சத்திலிருந்து இறங்கத் தொடங்கியது. உச்ச விலையில் வாங்கிய வண்டிகளுக்குக் கொடுத்த கடன்கள் எல்லாம் வண்டியின் மதிப்பைவிடப் பெரிய கடன்களாயின. வேலையின்மை 4 சதவீதத்தை ஒட்டியே இருந்தும், தர மதிப்பீட்டு நிறுவனமான ஃபிட்ச் கணக்கில் சப்பிரைம் கார் கடன்களில் 60 நாளுக்கு மேல் பாக்கி வைத்தவர்கள் 2025 ஜனவரியில் 6.56 சதவீதம். 1994-இல் அந்தக் கணக்கு தொடங்கியதிலிருந்து அதுவரை காணாத அளவு. வேலை இருக்கிறது, சம்பளமும் வருகிறது, வாடகையும் இன்சூரன்ஸும் அதை விழுங்கிவிடுகின்றன. இதைச் சொல்லும் மாறி எதுவும் அந்த மாதிரிகளில் இல்லை. கணக்கு மாதிரிகளுக்கு 2020-இல் ஒரு பக்கம் அடி, 2023-க்குப் பிறகு மறுபக்கம் அடி.

மோசடியை எந்த ஒதுக்கீடும் பிடிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டெக்சஸில் பழைய கார் விற்று அதற்குக் கடனும் கொடுத்துவந்த டிரைகலர் 2025 செப்டம்பரில் திவாலானது. ஒரே கடன்களை ஒன்றுக்கு மேற்பட்ட வங்கிகளிடம் அடகு வைத்தது என்பது குற்றச்சாட்டு. அதற்குக் கடன் கொடுத்திருந்த வங்கிகளில் ஒன்றான ஜேபி மார்கன் அந்தக் காலாண்டில் 17 கோடி டாலரை வாராக்கடனாகத் தள்ளியது. ஆயுள்கால இழப்பை எத்தனை நுட்பமாகக் கணக்கிட்டாலும், கடனே உன்னுடையது இல்லை என்றால் சதவீதத்துக்கு என்ன பொருள்? அங்கே தேவைப்பட்டது ஒப்பந்தப் பத்திரத்தையும் வண்டி உரிமைச் சான்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, வண்டி அடையாள எண்ணைச் சரிபார்க்கும் குமாஸ்தா வேலை.

விலகிப்போனவர்கள்

விதி பிடிக்காதவர்களுக்கு ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. கன்ஸ்யூமர் போர்ட்ஃபோலியோ சர்வீசஸ் 2018-இலிருந்து வாங்கும் கடன்களைச் சந்தை மதிப்பில் வைக்கத் தேர்ந்தது. அங்கே ஒதுக்கீடு என்ற வரியே புதுக் கடன்களுக்கு இல்லை. வாடிக்கையாளரிடம் 20 சதவீதம் போல வட்டி வாங்கினாலும், வருமானமாகக் காட்டுவது எதிர்பார்க்கும் இழப்பைக் கழித்த சுமார் 11 சதவீதம். முதல் நாள் நட்டம் கிடையாது. பதிலுக்கு, மதிப்பைத் தீர்மானிக்கும் ஊகங்கள் முழுக்க நிர்வாகத்தின் கையில். இந்தக் கடன்களுக்குத் தினசரிச் சந்தை விலை எங்கும் ஓடுவதில்லை. எனக்கு இதில் பாதி மனது உண்டு, பாதி பயம்.

ஆர்கன்சாவில் உள்ள அமெரிக்காஸ் கார்-மார்ட் போல வண்டியையும் விற்று, தவணையையும் தங்கள் கடையிலேயே வாங்குகிறவர்கள் கதை வேறு. அவர்களுடைய ஒதுக்கீடு கடன் பாக்கியில் கால் பங்கை ஒட்டி இருக்கும். ஆனால் வண்டி விற்ற லாபமும் அதே நாளில் ஏட்டில் ஏறுகிறது. 8,000-க்கு வாங்கிச் சரிபண்ணிய வண்டியை 14,000-க்கு விற்றால், அந்த 6,000 முதல் நாள் நட்டத்தை விழுங்கிவிடும். வெளியே தெரியாது. கடன் மட்டும் கொடுப்பவருக்கு அந்த மறைவு இல்லை, அதனால்தான் அவருடைய நட்டம் கண்ணைக் குத்துகிறது.

ஆக, இத்தகைய நிறுவனத்தின் அறிக்கையைப் படிக்கிறவர் நிகர லாபத்திலிருந்து தொடங்கினால் வழி தவறும். கடன் இழப்புச் செலவைப் புதுக் கடனுக்கு, பழைய கடனுக்கு என்று பிரித்திருக்கிறார்களா? பிரிக்கவில்லை என்றால் ஓரளவு நாமே பிரிக்கலாம். புதுக் கடன் தொகையை அவர்களே சொல்லும் ஆயுள்கால இழப்பு விகிதத்தால் பெருக்கி, மொத்தச் செலவிலிருந்து கழித்தால் மிச்சம்தான் கணிப்பு மாற்றம். அந்த மிச்சம் மூன்று நான்கு காலாண்டு தொடர்ந்து ஒரே திசையில் வந்தால், முதல் நாள் விகிதத்தையே குறைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு, கடன் கொடுத்த ஆண்டுவாரியாக எவ்வளவு தள்ளுபடி செய்தார்கள் என்ற அட்டவணை. பொதுப் பங்கு நிறுவனங்கள் இப்போது அதைக் கட்டாயம் வெளியிட வேண்டும். 2022-ஆம் ஆண்டுக் கடன்களின் வரிசையைப் பக்கத்து ஆண்டுகளோடு, அதே வயதில் வைத்துப் பார்த்தால் பேசாத கதையெல்லாம் பேசும்.

முதல் நாள் நட்டம் பற்றிய புகார்கள் வாரியத்தின் காதில் விழாமலும் இல்லை. 2025 நவம்பரில் வந்த திருத்தத்தில், வாங்கிய கடன் பிறந்து 90 நாளாவது ஆகியிருந்து, வாங்கியவருக்கு அது பிறந்ததில் கை இல்லை என்றால், தரம் கெட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமலே ஒதுக்கீட்டை விலையோடு கூட்டி எழுதலாம் என்று தளர்த்தியிருக்கிறார்கள். கிரெடிட் கார்டு கடனுக்கு இது பொருந்தாது. 2026 டிசம்பர் 15-க்குப் பிறகு தொடங்கும் நிதியாண்டுகளிலிருந்து அமல். டீலர் எழுதிய இரண்டே நாளில் கைமாறும் சப்பிரைம் ஒப்பந்தம் இந்தச் சலுகைக்குள் வராது. ஒரு நிறுவனம் தன் டீலர்களிடமிருந்து நேராக எடுத்த கடனுக்குப் பழையபடி முதல் நாள் நட்டம். போட்டிக்காரர் எழுதி நான்கு மாதம் வைத்திருந்ததை விலைக்கு வாங்கினால் நட்டம் இல்லை. 2027-இலிருந்து ஒரே ஏட்டில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். மொத்த ஒதுக்கீட்டுச் சதவீதத்தை மட்டும் பார்க்கிறவருக்கு, இதில் எந்தப் பங்கு லாபத்திலிருந்து வந்தது, எந்தப் பங்கு வெறும் கூட்டலில் வந்தது என்று குறிப்புகளுக்குள் இறங்காமல் தெரியாது.